சாட்சிக்கு ஒரு நாற்காலி

"சாட்சிக்கு ஒரு நாற்காலி போடுங்க..."

சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது. உயரமான மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போட அவள் யார்? வக்கீல் கோட்டின் மடிப்புகூட இன்னும் கலையாதவள்...

இன்று ஒரு நாளைக்குத்தான் இந்த இடம். வக்கீல்களும் நீதிபதிகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் பயிற்சி வகுப்பு. மதியத்துக்கு மேல் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு வேஷம் கொடுத்திருந்தார்கள். கோட் கூடாது, பதவி சொல்லக் கூடாது. சட்டையில் குத்திய அட்டையில் வெறும் எண். அவளுக்கு விழுந்தது நீதிபதி வேஷம். கூண்டில் நின்றவனுக்குச் சாட்சி வேஷம்.

ஆனால் அது வேஷம் மாதிரியே தெரியவில்லை. "ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க!" என்று குறுக்கு விசாரணைக்காரர் மேஜையைத் தட்டத் தட்ட, கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துக்கொண்டே வந்தன.

நாற்காலி என்றதும் கூடமே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

பெய்யப்போகும் மேகம் போலக் கனத்த கண்கள். நன்றி இருந்தது அதில். நன்றிக்கு மேலும் ஏதோ... அவள் சட்டென்று குனிந்து குறிப்பெழுதினாள். பேனா மூடியைக் கழற்றவேயில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தேநீர் இடைவேளையில் வராந்தாவில் மழைச் சாரல். கோப்பையோடு அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரொம்ப நன்றிங்க, ஜட்ஜம்மா."

"சாட்சி சார் பிரமாதமா நடிச்சீங்க."

"நடிக்கல..." கோப்பையையே பார்த்தான். "அங்க ஏறி நின்னா அவ்வளவு பயமா இருக்கும்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாது."

வெளியூர் வக்கீலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இப்படி உண்மை பேசும் வக்கீலை அவள் பார்த்ததேயில்லை. அதனாலோ என்னவோ, அவள் வாயும் சும்மா இருக்கவில்லை.

"திங்கட்கிழமை எனக்கு நிஜ சாட்சி இருக்காங்க. தையல் வேலை பாக்குற அம்மா. முட்டி வலி, நிக்கவே முடியாது. புருஷன் செத்ததும் அவரோட அண்ணன் வந்து இவங்க பொண்ணத் தூக்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டாவது கோர்ட்டுல கேஸ். புதுசா வந்திருக்கிற ஜட்ஜ் யாரையும் உட்கார விடமாட்டாராம். கல்லு மாதிரி ஆளாம்! அவரத்தான் மொதல்ல இந்தக் கூண்டுல ஏத்தணும்..."

அவன் முகம் மாறியது. கோப்பையைக் கீழே வைத்தான்.

"அந்த கேஸ் பத்தி எங்கிட்ட பேச வேண்டாங்க."

முகத்தில் அடித்தது போல இருந்தது அவளுக்கு. "கதை கேக்க வாங்கன்னு உங்களக் கூப்பிட்டேனா என்ன?" என்று திரும்பி நடந்தாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் மழை கொட்டியது. வாசற்படியில் அவன் குடையில்லாமல் கையைக் கட்டியபடி நின்றான். கிட்டே போய்க் குடையை நீட்டினாள்.

"எங்கப்பா வண்டியில வருவாரு. நீங்க எடுத்துக்கோங்க."

கையை நீட்டியவன் பாதியில் இழுத்துக்கொண்டான். "வேண்டாங்க... உங்ககிட்ட இருந்து நான் வாங்கக் கூடாது."

அவ்வளவுதான். மழையில் இறங்கி நடந்தே போனான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனூண்டு குடையில் என்ன வந்துவிட்டது? அப்படி என்ன திமிர்!

வண்டிக்குள் இருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவர் அவளுடைய சீனியர்; வீட்டில்தான் அப்பா.

"அவர்கிட்ட என்ன பாப்பா பேச்சு?"

"யாரோ வெளியூர் வக்கீல்ப்பா..."

"வக்கீலா! ரெண்டாவது கோர்ட்டுக்கு வந்திருக்கிற புது ஜட்ஜ் அவரு."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்லு மாதிரி ஆளாம்... அவரிடமே! குடையையும் நீட்டித் தொலைத்தாள்!

"அவர் முன்னாடி கேஸ் நடத்துற வக்கீல்கிட்ட ஒரு குண்டூசி வாங்கினாலும் தப்பு. காலையில வகுப்புல அதத்தானே நடத்தினாங்க? தூங்கிட்டியா?" அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஜாக்கிரதை. நாளைக்கு நீ ஜெயிச்சா, இவ கண்ணப் பாத்துத் தீர்ப்பு சொன்னான்னு பேசுவாங்க. ஊர் வாய மூட உலைமூடி கிடையாது பாப்பா."

அவள் மடியில் நனையாத குடை. கண்ணைப் பார்த்து... ஆமாம், பார்த்தான்தானே? அதை யாரிடம் போய்ச் சொல்வது?

திங்கட்கிழமை. கறுப்பு அங்கியில் அவன் வேறு ஆளாக இருந்தான். தையல்காரம்மா நொண்டியபடி கூண்டருகே போனாள். அங்கே ஒரு நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தது. எல்லாச் சாட்சிக்கும் இனி அப்படித்தானாம். பார்த்துக்கொண்டிருந்த அவள் நெஞ்சு ஒரு நொடி லேசானது.

ஒரே ஒரு நொடிதான்.

"இந்த வழக்கை நான் விசாரிக்கப் போவதில்லை." அவன் எழுதியதைப் பார்த்து வாசித்தான், அவளைப் பார்க்கவில்லை. "வேறு நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லி முதன்மை நீதிபதிக்கு எழுதியிருக்கிறேன்."

தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா சொல்றாரு? என் பொண்ணு இன்னிக்கு வருமா, வராதா?"

அவள் தலை குனிந்தாள். எல்லாம் என் வாயால்... தவளை தன் வாயால் கெட்ட கதை. ஆனால் இங்கே கெட்டது தவளை இல்லையே. ஒரு தாய்!

மதியத்துக்குள் உத்தரவு வந்தது. வழக்கு முதல் கோர்ட்டுக்கு. அங்கே இருந்த நீதிபதியம்மாவும் அன்று வகுப்புக்கு வந்தவர்தான். "நாற்காலி போடுங்கப்பா, நாமளும் படிச்சோமே" என்று சொல்லிவிட்டு, தையல்காரம்மா பேசி முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பெரியப்பாவோடு வந்திருந்த சின்னப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். சாயங்காலம், வழக்கு முடியும் வரை பிள்ளை தாயிடமே இருக்கலாம் என்று உத்தரவு. படிக்கட்டில் அந்தச் சின்னப் பெண் அம்மாவின் இடுப்பில் முகம் புதைத்துக்கொண்டு விடவேயில்லை.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வராந்தாக் கோடியில் அவன் நின்றிருந்தான். அங்கி இல்லை. அவள் நேராகப் போனாள்.

"நான் பேசினது தப்புதான்... அதுக்கு என்னைத் திட்டியிருக்கலாமே. அந்தம்மா கேஸை ஏன் தள்ளுனீங்க? பயந்து செத்துட்டாங்க!"

"அதுக்காக இல்லங்க." அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அதே வெளுத்த விரல்கள். "கேஸ்னா ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி கேக்கணும். உங்க குரல் வந்தா... என்னால முடியாது. அது எதிர்த்தரப்புக்கு அநியாயம். உங்க கேஸ், உங்க அப்பா கேஸ், எதுவும் இனி எங்கிட்ட வராதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னைக் கேக்காமலேயா?"

"உங்களுக்கு விருப்பமில்லன்னாலும் அது மாறாது. என் மனசு எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"அன்னிக்கே யாருன்னு சொல்லியிருக்கலாமே..."

"சொல்லியிருக்கணும். தப்புதான். சொன்னா உடனே 'ஐயா'ன்னு எழுந்து நிப்பீங்க..." குரல் அடங்கியது. "அத என்னால தாங்க முடியாதுன்னு தோணுச்சு."

அவள் கையிலிருந்த குடையை ஒருமுறை சுழற்றினாள்.

"எங்கப்பா ஊர் வாய்க்குப் பயப்படுறாரு," என்றாள் மெதுவாக.

"நானே வந்து பேசுறேன். கூண்டுல நிக்க வச்சுக் குறுக்கு விசாரணை பண்ணட்டும்."

"அவர் விசாரணையில பெரிய பெரிய சாட்சியெல்லாம் கவுந்திருக்கு."

"நாற்காலி போடுவீங்கல்ல, ஜட்ஜம்மா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் அவள் கையிலிருந்த குடையைப் பார்த்தான். "அந்தக் குடை... இப்ப வாங்கிக்கலாம்."

"தர மாட்டேன்." குடையை விரித்தாள். "நானே பிடிச்சுக்கிட்டு வரேன்... நடங்க."