ஏழாம் பக்கம்

மதியம் சோறு ஊட்டினால்கூட, குரலேட்டைப் பிரித்து வைத்தால்தான் நிலானிக்கு வாய் திறக்கும். கடலோரத்துப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். குரலேடு என்பது படப் புத்தகம். ஆனால் படத்தில் இருப்பது அந்தப் பிள்ளையின் சொந்தத் தெரு, சொந்த வீடு. கதை சொல்வது பெற்ற தாயின் குரல். அட்டையைப் பிடித்திருக்கும் பிஞ்சு விரல் வழியே ஏடு நாடித்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பயத்தில் துடிப்பு ஏறினால், அது அடங்குகிறவரை அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அப்படிப் பதிந்த பாடம் லேசில் அழியாது.

வெள்ளம், புயல், ஆழிப்பேரலை என்று எல்லாம் அதில் உண்டு. வம்பு ஏழாம் பக்கத்தில்தான் வந்தது. 'அபாயச் சங்கு ஊதினால் அம்மாவுக்காகக் காத்திருக்காதே, மாடிக்கு ஏறு' என்று தாயே வாசித்துப் பதிய வேண்டும். எந்தப் பெற்றவளுக்கு நாக்கு வரும்? நிலானியின் அம்மா வசுமதிக்கு வரவில்லை. பிள்ளை பயந்தால் வரியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஏட்டைச் செய்தவர்கள் வசதி வேறு வைத்துத் தொலைத்திருந்தார்கள். 'வாசல விட்டு அசையாத கண்ணு, அம்மா வந்து தூக்கிக்குவேன்' என்று பதிந்தாள். அவளோடு இறால் கம்பெனியில் வேலை பார்த்த மற்றப் பெண்களும் அதையே செய்தார்கள்.

"அந்தப் பக்கத்த மட்டும் மாத்தாதீங்கம்மா," என்று பால்வாடி எஸ்தர் டீச்சர் மன்றாடினாள்.

"உங்களுக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா தெரியும் டீச்சர்," என்றாள் வசுமதி.

ஐப்பசியில் ஒரு நாள் காலை சங்கு ஊதியது. பால்வாடிப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு, ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக வாசலுக்கு வந்தார்கள். பார்த்த டீச்சருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாசலில் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்துவிட்டார்கள்.

டீச்சர் ஒன்றைத் தூக்கினாள். அது அலறிக்கொண்டு கம்பிக்கதவைக் கட்டிக்கொண்டது. இன்னொன்று கையைக் கடித்தது. ஒற்றை ஆளாக எத்தனை பேரைப் பிய்த்து எடுப்பாள்? தெருமுனையில் தண்ணீர் தெரிந்தது. வசுமதிக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், நாங்கல்லாம் ஓடியாந்துட்டே இருக்கோம்."

"வராதீங்க. பாலத்துல தண்ணி ஏறிடுச்சு. வந்தா நீங்களும் போயிடுவீங்க. புள்ளைங்க உங்களுக்காகத்தான் உக்காந்திருக்குங்க. வரமாட்டோம்னு சொல்லுங்க. ஏடு கேக்குது, நீங்க சொன்னாத்தான் மாத்தும்."

டீச்சர் ஸ்பீக்கரில் போட்டுப் போனைப் பிள்ளைகள் பக்கம் நீட்ட, வசுமதி அழத்தான் செய்தாள். டீச்சருக்கு ஆத்திரம் பொங்கியது. "சொல்லித் தொலைங்கம்மா."

"நிலா, அம்மா வரமாட்டேன். நீ ஏறு," என்றாள் வசுமதி. அந்தப் பக்கம் போன் கைமாறிக் கைமாறி ஒவ்வொரு தாயும் சொன்னாள்.

பிள்ளைகள் எழுந்தார்கள். ஏட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் இடிக்காமல் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். கீழே கம்பிக்கதவு முங்கியது. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயந்து வீறிட்டு அழுதார்கள், அவ்வளவுதான். அழ அழ, ஏடுகள் தங்கள் வேலையைப் பார்த்தன. அம்மா வரமாட்டேன், அம்மா வரமாட்டேன் என்று அந்தந்தத் தாயின் குரலில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. நிறுத்தலாமா என்று டீச்சர் யோசித்தாள். ஆனால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வந்ததால் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் படகில் தாய்மார்கள் வந்தார்கள். வசுமதி சேறும் சகதியுமாக முதல் ஆளாய்ப் படியேறினாள். நிலானி சுவரோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கண்ணீர்த்தடம் காய்ந்திருந்தது.

"என் தங்கமே, வாடி," என்று இரண்டு கையையும் நீட்டினாள் வசுமதி.

நிலானி நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவை அடையாளம் தெரியாமல் இல்லை. கோபமும் இல்லை.

"நீ வர வேணாம்மா," என்றாள். "எனக்குப் பழகிடுச்சு."

சொல்லிவிட்டு மறுபடி பிஸ்கட்டைக் கடித்தாள். வசுமதி திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பின்னால் வந்த தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு பிள்ளையும் எழுந்து ஓடி வரவில்லை.