பென்சிலால் பெயர் எழுதிய போத்தல்

அந்த மத்தியானம் அஜந்தாவின் கையிலிருந்து விழுந்தது ஒரே ஒரு போத்தல்தான். அதோடு அவளுடைய நிம்மதியும் சேர்ந்து விழுந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்...

1997, ஒக்டோபர் மாதம். கனடாவின் சென்ட் லோரன்டில், இத்தாலியிலிருந்து வைன் இறக்குமதி செய்யும் ஒரு கிடங்கு. போத்தல்களின் பின்பக்கத்தில் பிரெஞ்சு லேபிள் ஒட்டுவது அவளுடைய வேலை. வெளியே மழை. புதிதாக வந்தவன் ஒருவன் தள்ளுவண்டியோடு திரும்ப, இவள் பின்னால் நகர, முழங்கை இடிபட... படார்.

"உங்களுக்குக் கண் தெரியாதே?"

"தெரியும். முதுகிலைதான் இல்லை" என்றான் அவன்.

தமிழ்! அதுவும் யாழ்ப்பாணத் தமிழ். அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. ஆனால் அவன் சண்டைக்கு வரவில்லை. குந்தியிருந்து, லேபிள் ஒட்டிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தான். நிலத்தில் ஓடிய சிவப்பைத் தொட்டு முகர்ந்தான்.

"தொண்ணூற்றி நாலாம் ஆண்டுப் பழம். அந்த வருஷம் மழை முந்தி வந்திட்டுது. நனைஞ்சு நனைஞ்சு நாங்கள்தான் கொடியிலையிருந்து ஆஞ்சனாங்கள்."

நிமிர்ந்தபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு போத்தல் வைனுக்கு அழுகிற ஆம்பிளையை அவள் அன்றுதான் பார்த்தாள். கடவுளே, என்ன கண்கள் அவை... அவள் திட்ட வைத்திருந்த சொற்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

பெயர் தவநேசன். சிசிலியில் 'காசா மொரெல்லா' என்ற திராட்சைத் தோட்டத்தில் ஆறு அறுவடைக்கு வேலை செய்துவிட்டு, போன வருஷம் கனடா வந்து அகதியாகப் பதிந்தவன்.

காசா மொரெல்லா! மூன்று வருஷமாக அவள் கையில் எடுத்த போத்தல்களின் முன்பக்கத்தில் இருந்த படம் அந்த வீடுதான். மஞ்சள் சுவர், நீல யன்னல்கள், பின்னால் கொடி வரிசைகள். தன் அண்ணையின் வீட்டு அடித்தள அறையில் படுக்கிற அஜந்தா, மனதால் அந்த வீட்டில்தான் குடியிருந்தாள்.

"அந்த நீல யன்னலுக்குப் பின்னாலை ஆர் இருக்கினம், அண்ணை?" என்று தேநீர் இடைவேளையில் கேட்டாள்.

"நான்தான் இருந்தனான். வேலையாக்கள் படுக்கிற அறை அது. குளிருக்கை யன்னல் பூட்டுப்படாது." பிறகு மெல்லச் சிரித்தான். "ஒண்டு கேக்கட்டே? அண்ணை எண்டு மட்டும் கூப்பிடாதேங்கோ."

அவள் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை ஒளித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் கதை. வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில், ஒரு குடைக்குள் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்று கதை. அந்தத் தோட்டத்துக் குடும்பத்தில் ஒரு வழக்கமாம். அறுவடையின் கடைசி நாளில், கடைசி வரிசையை வேலையாட்கள் தொடக்கூடாது. வீட்டுக்காரர்களே இறங்கிப் பழம் ஆய்வார்கள். அந்த வைன் விற்பனைக்குப் போகாது. பருவம் முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு போத்தல், லேபிள் இல்லாமல், ஒரு துண்டுக் கடதாசியில் பெயரைப் பென்சிலால் எழுதி ஒட்டிக் கொடுப்பார்கள். அதை அவரவர் கலியாணத்தில்தான் திறக்க வேண்டும்.

"உங்கடை எங்கை?"

"என்ர சூட்கேசுக்கை. ஒண்டுதான் மிச்சம். மற்ற ஐஞ்சும் பசியிலை வித்திட்டன்."

கலியாணம் என்ற சொல் இருவருக்கும் நடுவில் கிடந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

வீட்டில் அண்ணை அருமைராசாவுக்கு விஷயம் எட்டியது. கிடங்கில் அவளோடு வேலை செய்கிற றோஸ்மேரி அக்காதான் பக்குவமாகச் சொன்னாள். அண்ணை கத்தவில்லை. கத்தியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

"நல்ல பெடியனாம், சரி. ஆனா பேப்பர் இல்லாதவனுக்கு உன்னை எப்பிடிக் குடுக்கிறது? நாளைக்கு அவனைப் பிடிச்சு அனுப்பினால்? கேஸ் வெல்லட்டும். பேந்து கதைப்பம்."

கேஸ் வெல்ல வேண்டும்... அவளுக்கு அதன் பிறகு வேறு நினைப்பில்லை. அகதி வழக்கு என்றால் எங்கள் சனம் நற்சான்றுக் கடிதம் சேர்க்கும். கோயில் ஐயர் ஒன்று, முதலாளி ஒன்று, கதவுக்குக் கதவு போய்க் கேட்டு இன்னும் இரண்டு. அஜந்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. வைன் பெட்டியில் தோட்டத்தின் தொலைநகல் இலக்கம் இருந்தது. வகுப்புக்குப் போய்ப் படித்த பிரெஞ்சில், அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. 'தவநேசன் 1990 முதல் 1995 வரை ஆறு அறுவடைக்கும் எங்களோடு இருந்தான். உண்மையானவன். எங்கள் பிள்ளைகளில் ஒருவன்.'

அவள் அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவனுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வது அவள்தானே, வழக்கின் கோப்பு இலக்கம் மனப்பாடம். வழக்கு விசாரிக்கும் இடத்துக்கே நேராகத் தபாலில் போட்டாள். அவனிடம் மூச்சு விடவில்லை. வென்ற பிறகு சொல்லலாம். அப்போது அந்தக் கண்கள் எப்படி விரியும்...

விசாரணை முடிந்து வந்தவன் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த வருஷம் ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வழக்கம்போல அவளிடம்தான் கொண்டுவந்தான்.

அவள் வாசித்தாள். விண்ணப்பதாரர், 1996 வரை யாழ்ப்பாணத்தில் வசித்ததாகச் சத்தியம் செய்திருக்கிறார். தபாலில் கிடைத்த கடிதம் ஒன்று, அவர் ஆறு வருடம் இத்தாலியில் இருந்ததைக் காட்டுகிறது. ஆகவே அவர் சொன்ன எதையும் நம்புவதற்கில்லை.

இத்தாலி என்று சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள் என்று பயமுறுத்தி, அவனைக் கனடாவுக்கு அனுப்பிய ஏஜென்ட் எழுதிக் கொடுத்த கதை அது. அதை அவன் அவளிடம் சொல்லவில்லை. வெட்கம். அவள் கடிதத்தை அவனிடம் சொல்லவில்லை. ஆசை. இந்த இரண்டு பேரில் ஒருவர் வாய் திறந்திருந்தால்...

"என்னவாம்?" என்றான்.

"இல்லை எண்டு எழுதியிருக்கு." அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "காரணம்..."

"காரணம் வாசிக்க வேண்டாம். விடுங்கோ" என்று தாளை வாங்கி மடித்துக்கொண்டான்.

தப்பித்தேன் என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. தேநீருக்குப் போவதை நிறுத்தினாள். பஸ்ஸை விட்டு, கோட்-வெர்டு மெட்ரோ ரயில் நிலையம் வரை நடந்தே போனாள். அவன் ஒவ்வொரு மாலையும் தரிப்பிடத்தில் நின்றான். அவளோ மறுபக்கத்தால் போனாள். என்னால்தான்... என்னால்தான்... என்று ஒவ்வொரு போத்தலிலும் லேபிள் ஒட்டினாள். நீல யன்னல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மேல்முறையீடும் போயிற்று. இத்தாலியில் தங்க வைத்திருந்த பேப்பரும் எப்போதோ காலாவதி. அவனைத் திருப்பி அனுப்பக் கொழும்புக்குப் பிளேன் ரிக்கற் போட்டுவிட்டார்கள். அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

நவம்பர், கடைசி வெள்ளிக்கிழமை. ஞாயிறு பிளேன். அன்றைக்கும் மழை. அன்று அவளால் மறுபக்கத்தால் போக முடியவில்லை.

பேப்பரில் சுற்றிய ஒரு போத்தலை அவன் நீட்டினான். லேபிள் இல்லை. பென்சில் எழுத்தில் அவன் பெயர்.

"உங்களிட்டை இருக்கட்டும். உங்கட கலியாணத்திலை திறவுங்கோ."

"ஆரோடை கலியாணம்?"

"ஆரோடை எண்டாலும்..."

அவளுக்கு உடைந்தது. "அந்தக் கடிதம் நான்தான் அனுப்பினனான். உங்களை அழிச்சது நான்தான்."

"தெரியும்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"விசாரணையிலை கவரையும் காட்டினவை. உங்கட எழுத்து எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சும் ஏன் ஒரு சொல்லும் கேக்கேல்லை?"

"பொய் சொன்னது நான். நீங்கள் உண்மையைத்தானே அனுப்பினியள். எனக்காண்டி ஒருத்தர் அகராதி பாத்துக் கடிதம் எழுதினது அதுதான் முதல் தரம். அதைப்போய்க் குற்றமெண்டு எப்பிடிச் சொல்ல?" அவன் ரோட்டைப் பார்த்தான். "நான் கேட்டால் நீங்கள் மன்னிப்புத்தான் கேப்பியள். நான் வேறை ஒரு சொல்லுக்குக் காத்து நிண்டனான். இந்தத் தரிப்பிடத்திலை, ஏழு மாசமா."

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "எனக்கு உங்களை விருப்பம். போத்தல் உடைஞ்ச அண்டைக்கே விருப்பம்."

தூரத்தில் பஸ்ஸின் வெளிச்சம். அவள் பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தாள். ஈரக் கையால், அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். எழுத்து கோணலாகப் போயிற்று. போத்தலை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே கொண்டு போங்கோ. என்ர கையிலை போத்தல் நிக்காது."

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. பஸ் நின்று கதவு திறந்தது. சாரதி, பொன்சுவார் என்று மாலை வணக்கம் சொன்னார். படியில் ஏறியவன் திரும்பினான். ஒரு வருஷமாக 'நீங்கள்' என்றே கூப்பிட்டவன், முதல் தடவையாக...

"நீ இல்லாமல் இதைத் திறக்கமாட்டன், அஜந்தா."

கதவு சாத்திக்கொண்டது.