பத்து இறக்கு, ஐந்து ஏற்று

எழுதத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். கதை சொல்லிப் பழக்கமில்லை. பிழை தென்பட்டால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். நடந்ததை வரிசை மாறாமல் சொல்லிவிட முயல்கிறேன்.

போன வாரம் வரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த வலது காதை மறைத்துக்கொண்டு, கிரேன் ஓட்டுநர் இடது காதை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கம் வந்து பேசும்மா. இந்தா, மீதி மாத்திரை பதினொண்ணு. எனக்கு வேண்டாம்."

அவள் அந்த மருத்துவமனையில் காது பரிசோதிப்பவள். ஒற்றைத் தலைவலிக்கு ஏற்கெனவே கொடுத்துவந்த மாத்திரை ஒன்று, ஓயாத காது இரைச்சலையும் குறைக்குமா என்று சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்த ஓட்டுநர்.

"ஏன் சார், இரைச்சல் குறையலையா?"

"சுத்தமா நின்னுடுச்சு. அதான் வெனையே."

"நின்னா நல்லதுதானே?"

"நாய் ஓயாமக் குரைக்குதேன்னு அடிச்சுத் தொரத்திட்டோம். அது எதைப் பாத்துக் குரைச்சுதுன்னு எவனாவது யோசிச்சானா?" அவர் எழுந்தார். "விரல மட்டும் தூக்கிடாத."

திரும்பி வரும் மாத்திரைகளை எண்ணி, உறையிலிட்டு ஒட்ட வேண்டும் என்பது விதி. அவள் அவற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவளுடைய காதுகளிலும் மூன்று ஆண்டுகளாக ஓர் இரைச்சல் இருந்தது; கொதிக்கும் கெண்டியின் மூக்கிலிருந்து கிளம்புவதைப் போன்ற மெல்லிய, ஓயாத சீழ்க்கை. எவரிடமும் சொல்லவில்லை. ஆண்டுக்கொருமுறை பரிசோதிப்பவளின் காதையும் பரிசோதிப்பார்கள். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"காது தேறலைன்னா கோப்பு அடுக்கத்தான் போகணும். அழுது நின்னாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மருத்துவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார்.

தினம் ஒன்றாக விழுங்கினாள். நான்காம் நாள் கெண்டியின் சீழ்க்கை கொசுவின் ரீங்காரமாகச் சுருங்கியது. ஒன்பதாம் நாள் கணவர் ஆச்சரியப்பட்டார்.

"டிவி சத்தத்தக் கொறச்சுட்டியே! இத்தனை நாளா பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம டிவியிலதான் செய்தி கேட்டாங்க. இனி பாவம், அவங்களே ஒண்ணு வாங்கணும்."

இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பின் முடிவில் வரும் சிறு மூச்சுகூடக் கேட்டது.

பதினொன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு இரைச்சல் முற்றிலும் நின்றது. பரிசோதனை அறையில் அவள் மட்டும் இருந்தாள். கிருமிநாசினியின் நெடியும், வெயிலில் காய்ந்த திரைச்சீலையின் வாசனையும் மட்டும் மிஞ்சியிருந்த அந்த அமைதியில், வலது காதுக்குள் வெகு மெல்லியதாக மூன்று ஒலிகள் எழுந்தன.

பீப். பீப். பீப்.

இயந்திரத்தைப் பார்த்தாள். அணைந்திருந்தது.

சற்று இடைவெளி. மறுபடி மூன்று, முன்னிலும் சற்று ஓங்கி. எவ்வளவு ஓங்கி என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பதினோரு ஆண்டுகளாக அவள் செய்துவரும் வேலை அது. நோயாளி கேட்டதாக விரலைத் தூக்கினால், ஒலியைப் பத்து டெசிபல் இறக்குவாள். தூக்காவிட்டால் ஐந்து ஏற்றுவாள். இறக்கி, ஏற்றி, இனி இதற்குக் கீழே கேட்காது என்னும் எல்லை அகப்பட்டதும் தாளில் குறிப்பாள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம். இடதுக்கு நீலப் பெருக்கல் குறி.

ஐந்து ஏறியிருந்தது.

வெளியிலிருந்துதான் வருகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, எந்த ஒலியும் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் ஓடித் தடித்த கதவைச் சாத்தினாள். நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய பஞ்சின் வாடை, எத்தனையோ தலைகளின் எண்ணெய் வாடை. உள்ளங்கையால் பொத்தியது போன்ற அமைதி.

பீப். பீப். பீப்.

இன்னும் ஐந்து ஏறி.

ஓட்டுநரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. ஆனால் ஆயிரம் நோயாளிகளுக்குச் செய்துகாட்டிப் பழகிய விரல் அது, அவளைக் கேட்கவில்லை. தானாக எழுந்தது.

ஒலி இறங்கியது. சரியாகப் பத்து.

எதுவோ அவள் விரலைப் பார்த்துவிட்டது.

கண்ணாடிக்கு அப்பால் இயந்திரத்தின் முன் அவளுடைய நாற்காலி. காலி. ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

இரு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்தாள். ஐந்து ஏறியது. ஐந்து. ஐந்து. பல் கூசியது. கண் கலங்கியது. கதவுக்குப் பாய நினைத்தாள். கால்கள் வரவில்லை. விரல் வந்தது.

பத்து இறக்கம்.

ஐந்து ஏற்றம். விரல்.

இறக்கம். ஏற்றம். விரல்.

அப்பால் மேசையில் சிவப்புப் பேனா எழுந்தது. மெல்ல, ஒழுங்காக, ஒரு வட்டம் வரைந்தது.

வலது காது அணைந்தது. விளக்கைப் போல.

சிவப்புப் பேனா படுத்தது. மெத்தை இன்னும் அமுங்கியே இருந்தது. நீலப் பேனாவின் மூடி கழன்றது.

இழந்தவை: மாத்திரைகள், பதினொன்று. மூன்று ஆண்டு இரைச்சல். வலது காது, நான்கு ஐம்பதுக்கு. இடது காது, ஐந்தேகாலுக்கு. பதினோரு ஆண்டு வேலை. கணவர் சிரித்து முடிக்கையில் வரும் அந்தச் சிறு மூச்சு.