மூன்றாவது தட்டு

வாடகைக்கு இருப்பவர் "நாங்க ரெண்டே பேர்தான்" என்று சத்தியமே செய்தாலும், பாத்திரம் கழுவும் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்து, வீட்டில் மொத்தம் எத்தனை வாய் என்று சொல்லிவிடுவார் வீட்டுத் தரகர். இருபத்தைந்து வருடத் தொழில் பழக்கம். அன்று பிற்பகல் அவர் எட்டிப் பார்த்தது சொந்த வீட்டுத் தொட்டியை. அவருடைய சின்னக் கிண்ணம். மனைவியின் தட்டு. அதற்கும் அடியில், மீன் முள் ஒட்டிக்கொண்டு, அவருடைய பழைய பெரிய தட்டு.

வீட்டில் இருப்பது அவரும் மனைவியும் மட்டும்.

"யாரு வந்தா?"

"யாரு வருவா? நான்தான் தட்டு மாத்திச் சாப்பிட்டேன்," என்றாள் மனைவி, முகத்தைப் பார்க்காமல்.

கோழி கொத்துவதுபோல நாலு வாய் தின்று எழுந்துவிடுகிறவள் அவள்.

ஏழு வாரத்துக்கு முன் தரகரின் இரைப்பையை முழுசாக வெட்டியெடுத்து, உணவுக்குழாயை நேரே குடலோடு தைத்துவிட்டார்கள். கூடமே இல்லாத வீடு; வாசலைத் திறந்தால் நேரே கொல்லை. அப்படியொரு வீட்டை அவராலேயே யார் தலையிலும் கட்ட முடியாது. நாளுக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு கிண்ணம். ஒரு வாய்க்கு முப்பது மெல்லல். கூடவே தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டதும் தலையணையை உயர்த்தி அரை மணி நேரம் சாய்ந்திருக்க வேண்டும். தவறினால் வேர்த்துக்கொட்டி, நெஞ்சு தடதடத்து, குடல் உருண்டு புரளும். பசி என்பது எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிற்று. மனைவி கடிகாரத்தைப் பார்த்து, மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில், "வாயைத் திறங்க" என்பாள்.

அந்த அரை மணி நேரத்தில்தான் சத்தம் கேட்கும். மூடிய கதவின் கீழிடுக்கு வழியே வறுத்த மீனின் மணம் வழுவழுவென்று ஊர்ந்து வந்து கட்டில்காலைச் சுற்றிக்கொள்ள, சாப்பாட்டு மேசைப் பக்கம் நாற்காலி மெல்ல நகர, சோறு பிசைகிற ஈரச் சத்தத்துக்கு நடுவே மனைவி சிரிப்பாள்.

"இன்னொரு துண்டு வைக்கட்டுமாடா?"

கல்யாணமான இந்த இருபத்தெட்டு வருடத்தில் தரகரை அவள் ஒரு தடவைகூட 'டா' போட்டுக் கொஞ்சியதில்லை. எவன் அவன்? மாடி வீட்டுக்காரனா, மருந்துக் கடைக்காரனா? தமக்குக் கரண்டியும் கடிகாரமும், அவனுக்கு மீனும் சிரிப்புமா?

பிறகு ஓர் ஏப்பம். அடியிலிருந்து புறப்பட்டு, பாதி வழியில் ஒரு முறை தடுக்கி, கதவை அதிரவைக்கும் ஏப்பம்.

தரகர் தலையணையை விட்டு எழுந்து உட்கார்ந்தார். தம் சொந்தச் சரக்கு தமக்கே தெரியாமல் போகுமா? அது அவருடைய ஏப்பம்.

மறுநாள் மதியம் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "யாருக்குடி ஊட்டிட்டிருக்கே?"

"உங்களுக்குத்தான் பசியே இல்லையே. அப்புறம் என்ன வயித்தெரிச்சல்?" சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இல்லாத எடத்துல எப்படி எரியும்? சாப்பிட்டுட்டுப் படுங்க."

சாப்பிட்டார். படுக்கவில்லை.

கதவைத் திறந்து, சுவரைப் பிடித்தபடி நடந்தார். பத்தாவது அடியில் வேர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. குடல் முறுக்கியது. மீன் மணம் தொண்டையில் ஏறியது. சிரிப்பு. ஈரச் சத்தம். இன்னும் மூன்று அடி. நல்ல வெயில் வெளிச்சம். மறைக்க நிழல்கூட இல்லை.

நாற்காலியில் ஆள் இல்லை.

மனைவியின் மடியில் ஒரு துண்டு விரித்திருந்தது. துண்டின் மேல், இரு கையளவில், செக்கச் செவேலென்று ஒரு பை. ஈரமாக. உப்பியது. சுருங்கியது. ஒரு முனையில் கறுப்புத் தையல். மறுமுனையில் தையல் பிரிந்திருந்தது.

அவள் மீனை முள் பார்த்து எடுத்தாள். தன் வாயில் போட்டு மென்றாள். பொறுமையாக. முப்பது தடவை. அதை விரலால் வழித்து, பிரிந்த முனைக்குள் வைத்தாள். பை விரலைச் சப்பியது.

"ஆளு பசியோட வந்து நிக்குது, எப்படித் துரத்துவேன்?" என்றாள், திரும்பாமலே. "நீங்க போய்ப் படுங்க. இதெல்லாம் உங்களுக்கு ஒத்துக்காது."

தரகர் வாயைத் திறந்தார்.

அவள் அதைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். கன்னத்தை அதன்மேல் வைத்தாள். தட்டிக் கொடுத்தாள். அதற்குக் கண் இல்லை. ஆனாலும் திரும்பியது. அவள் தோளுக்கு மேலே, தையல் பிரிந்த அந்த வாய், கொஞ்சம் கொஞ்சமாக, அவரைப் பார்த்துத் திறந்தது.