வரிசையில் நின்ற பணம்

அரை ஈரலின் விலை முக்கால் பிட்காயின். ஈரலுக்கு விலை வைப்பது சட்டப்படி குற்றம். ஆகவே ஆஸ்பத்திரி அதை ‘ஆபரேஷன் செலவு’ என்று எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்லியிருந்தது.

செவ்வாய் மதியம் 2.30. பெயிண்ட் மொத்த வியாபாரி மருந்து மயக்கம் தெளிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே போனில் பிட்காயின் இருப்பைப் பார்த்தார். பூஜ்யம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். துடைத்த கண்ணாடியில் பூஜ்யம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

3.05க்கு சைபர் பிரிவுப் பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். சர்க்கரை எங்கே சிந்தினாலும் மோப்பம் பிடித்துப் போகிறவர் என்பதால் துறையில் அவருக்குப் பெயர் எறும்பு.

“எங்க வெச்சிருந்தீங்க?”

“காசு கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. சாவி பன்னிரண்டு வார்த்தை. பழைய பெயிண்ட் கலர் கார்டு பின்னாடி எழுதி, பீரோவுல வெச்சேன்.”

“அந்த வார்த்தை தெரிஞ்சா யார் வேணா, எந்தப் போன்ல இருந்தும் எடுக்கலாம். பீரோ சாவி?”

“வீட்டுக்காரிகிட்ட ஒண்ணு. கணக்குப்பிள்ளைகிட்ட ஒண்ணு. தம்பிகிட்ட ஒண்ணு.”

“பூட்டு எதுக்கு வாங்கினீங்க, அழகுக்கா?”

பிட்காயின் உலகத்தில் ஒரு வசதி உண்டு. யார் யாருக்கு அனுப்பினார் என்பதை ஊரே பார்க்கலாம். பெயர் மட்டும் இருக்காது. முகமூடி போட்டவர்கள் நடுத்தெருவில் காசு எண்ணுவதைப்போல. எறும்பு மடிக்கணினியைத் திறந்தார். பணம் பொதுக்கணக்கில் பதிவான நேரம் 2.10.

“2.10க்கு எங்க இருந்தீங்கம்மா?”

“கீழ மருந்துக்கடையில,” என்றார் மனைவி. “கூட்டம். வாங்காமலே வந்துட்டேன். காலையில இருந்து இந்தப் போனத்தான் நோண்டிட்டு உக்காந்திருக்கேன்.”

3.15க்குத் தம்பி வந்தார். கடையிலும் வீட்டிலும் அவர் சின்னவர். ஈரல் தரப்போகிறவர் அவர்தான். காலை எட்டு மணியிலிருந்து அவருக்கு ஸ்கேன், ரத்தம், வயிற்றில் ஊசி என்று வரிசையாகப் பரிசோதனை. போனும் மோதிரமும் ஆஸ்பத்திரி லாக்கரில் இருந்து அப்போதுதான் கைக்கு வந்திருந்தன. செய்தி கேட்டதும் சுவரில் சாய்ந்துவிட்டார்.

“2.10க்கு?”

“ஸ்கேன் குழாய்க்குள்ள மேடம். ரெண்டு நர்ஸு, ஒரு டாக்டர் சாட்சி.”

“நல்ல சாட்சி,” என்றார் எறும்பு.

சின்னவர் தலை சுற்றுகிறது, ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

நாலு மணிக்குக் கணக்குப்பிள்ளை வந்தார். இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்துப் பிறந்தவர். 2.10க்குக் கடைக் கிடங்கில் தனியாகச் சாப்பிட்டாராம். சாட்சி, காலி டப்பா.

பணத்தின் பின்னால் எறும்பு ஊர்ந்தார். 2.10க்குத் திருடனின் பெட்டிக்கு வந்த பணம் அசையாமல் கிடந்தது. 3.25க்குத் துள்ளியது. ஐந்து துண்டாகி, ஐந்து சந்து சுற்றி, ஆறு மணிக்கு ஒரு காயின் சந்தையில் ஒன்றாகச் சேர்ந்தது. ரொக்கமாக்க எல்லாரும் ஒருநாள் சந்தைக்கு வந்துதானே ஆக வேண்டும். 6.40க்குச் சந்தைக்காரர்கள் அந்தக் கணக்கைப் பூட்டினார்கள். கணக்கு ஒரு வாட்ச்மேன் பெயரில் இருந்தது. சம்பளத்துக்குக் காவலையும் சில்லறைக்குப் பெயரையும் வாடகைக்கு விடுகிறவர். தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒருவர் வாங்கிக்கொண்டார் என்பதற்குமேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை 10 மணி. கட்டிலைச் சுற்றி நால்வர்.

“திருடினது 2.10க்கு இல்ல,” என்றார் எறும்பு. “2.10ங்கறது பதிவான நேரம். அனுப்பின நேரம் காலையில 7.20. வரிசையைக் கவனிக்கிற கம்ப்யூட்டர்கள்ல பதிவாகியிருக்கு.”

“அதுவரைக்கும்?” என்றார் வியாபாரி.

“வரிசையில நின்னுச்சு. அனுப்பறப்ப கூலி கேக்கும். வேகம், நடுத்தரம், நிதானம். கூலி அதிகம் குடுத்தவன் முன்னாடி போவான். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்னு பயந்துட்டாரு நம்மாளு. முக்கால் காயின் திருடறாரு, கூலியில கஞ்சத்தனம். மூணுல மலிவானதை அமுக்கியிருக்காரு.”

கணக்குப்பிள்ளை தன்னை மறந்து, “கடையில எல்லாரும் அப்படித்தான் அமுக்குவோம்,” என்றார்.

“தெரியும். அதனால அது யாரையும் காட்டிக் குடுக்கல. இது காட்டிக் குடுத்துச்சு: காசு வரிசையில மாட்டிக்கிட்டா, ஒரு பட்டனை அமுக்கிக் கூலியை ஏத்தலாம். பத்து நிமிஷத்துல போயிடும். முதலாளி கண் முழிச்சுப் பாத்திருந்தா, அதிகக் கூலி குடுத்து அதே காசைத் தன் பக்கமே இழுத்திருப்பார். மடியில இவ்வளவு கனம் வெச்சுக்கிட்டு ஏழு மணி நேரம் எந்தத் திருடனாவது சும்மா இருப்பானா? கையில போன் இருந்தா இருக்க மாட்டான்.”

எறும்பு மடிக்கணினியை மூடினார்.

“அம்மா கையில நாள் பூரா போன். இவருக்கு ரெண்டு. எட்டு மணியில இருந்து போன் இல்லாத ஆள் ஒருத்தர்தான். 3.15க்குப் போன் வந்துச்சு. 3.25க்குப் பணம் நகர்ந்துச்சு. டீ நல்லா இருந்துச்சா சின்னவரே?”

வியாபாரி தம்பியைப் பார்த்தார். “கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனாடா?”

“ஈரலக் கேட்டீங்களே, என்ன விலைன்னு கேட்டீங்களாண்ணே? இருபத்திரண்டு வருஷம் பங்கு கேட்டேன். ‘சம்பளம் வாங்குறியே’ன்னீங்க. கடைக்கு வேலைக்காரன், ஈரலுக்குத் தம்பி.”

“சரி. காசு உன்னோடதுன்னு எழுதித் தரேன். ஆபரேஷனுக்கு வா.” வாய் பழக்கத்தில் தானாகத் தொடர்ந்தது. “மூணுல ஒரு பங்கு.”

“முழுசு.”

“பாதி. ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேணாமா?”

“கடையை வித்துடுங்க.”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க,” என்றார் எறும்பு. “பேரம் என் காதுல விழுந்தாச்சு. காசு குடுத்தேன்னு எழுதினா, அது உறுப்பு வியாபாரம். டாக்டர் கத்தியைத் தொட மாட்டார். திருடினான்னு எழுதினா, இவர் உள்ள போவார். காசு கோர்ட் வழியா வரும்.”

மனைவி மைத்துனரின் கையைப் பிடித்தார். “குடுத்துட்டு அப்புறமா உள்ள போப்பா.”

“ஜெயிலுக்கும் நான், ஈரலுக்கும் நானா? ஆள விடுங்க அண்ணி.”

வியாபாரி கூரையைப் பார்த்தபடி விரல்விட்டு எண்ணினார். ஒரு வழியில் ஈரலும் இல்லை, காசும் இல்லை. மறு வழியில் ஈரல் இல்லை, காசு உண்டு. வாழ்நாளில் அவர் போட்டதிலேயே சுலபமான கணக்கு அது.

“கையெழுத்து எங்கம்மா போடணும்?”

டாக்டர் கொடுத்திருந்த தவணை ஒன்பது வாரம். வியாபாரி அதற்குமேல் ஒருநாள்கூட இருக்கவில்லை. கோர்ட் உத்தரவு வந்தது பதினொன்றாவது வாரம். அதற்குள் காயின் விலை நூற்றுக்குப் பதினெட்டு ஏறியிருந்தது. மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கணக்குப்பிள்ளை பேரேட்டைத் திறந்தார். வரவு, முக்கால் காயின். லாபம், பதினெட்டு சதவீதம். ஆஸ்பத்திரி கட்டில் வாடகை கழித்தார். ஆபரேஷன் செலவு என்ற இடத்தில் கோடு போட்டார். முதலாளி பெயருக்கு நேரே எழுதினார்: பாக்கி இல்லை.