இடம் தெரியாத முப்பத்தெட்டு பேர்

அடுப்படியிலிருந்து தட்டோடு வந்த நிவேதா, ஹாலில் நேராக நடக்காமல், நடுவில் ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தரை, மேலே மின்விசிறி, அவ்வளவுதான். ஆனால் கூட்டத்தில் யாரையும் இடிக்காமல் போகிறவளைப் போலத் தோளைக் குறுக்கி, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். ஏழு வயசுக்கு ஆயிரம் விளையாட்டு இருக்கும் என்று த்ரிசலா அதைக் கண்டுகொள்ளவில்லை.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமையும் குழந்தை அப்படியே சுற்றி வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் த்ரிசலாவே சுற்றினாள். தண்ணீர்ச் செம்போடு பாதி ஹாலைக் கடந்த பிறகுதான் தன் கால்கள் தன்னைக் கேட்காமல் விலகி நடந்தது உறைத்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"இங்க யாராவது நிக்கறாங்களா பாப்பா?"

"ம். இடிச்சாகூட நகர மாட்டேன்றாங்கம்மா."

"எத்தினி பேரு?"

நிவேதா அந்த இடத்தைப் பார்த்து உதட்டை அசைத்து எண்ணிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். "எல்லாரும் ஒரே இடத்துல நிக்கறாங்க. எண்ண வரல."

வேங்கிக்காலில் இரண்டு வருஷத்துக்கு முன் கட்டிய வீடு அது. சுற்றிலும் பாதி மனைகள் இன்னும் முள்ளாகத்தான் கிடந்தன. கணவன் அபிநந்தன் ஓசூரில் வேலை பார்த்தான், மாதத்துக்கு இரண்டு முறை வருவான். புது வீட்டில் செத்தவர்களும் இல்லை, பழைய கதைகளும் இல்லை என்று த்ரிசலா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கற்பூரப் புகையும் வியர்வையும் நசுங்கிய எலுமிச்சம்பழமும் வெகுதூரம் வெறுங்காலோடு நடந்தவர்களின் புழுதியும் கலந்த ஒரு வாசனை, ஜன்னலைத் திறந்தாலும் போகாமல், ஹாலின் நடுவில் மட்டும் கனத்து நின்றது. பௌர்ணமி அன்று மலை சுற்றும் பாதையில் வீசும் வாசனை அது. பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவள் ஜிஐஎஸ் வரைபடங்கள் தயாரிப்பவள். மழையளவு, பள்ளிக்கூடம், கொசு, எதைக் கொடுத்தாலும் இடத்தோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டுத் தருவாள். இந்த முறை வந்தது ஒரு தன்னார்வ அமைப்பின் வேலை. கிரிவலக் கூட்டத்தில் காணாமல் போய், இன்னும் கிடைக்காதவர்களின் பட்டியல். ஒருவருக்கு ஒரு புள்ளி. கடைசியாகப் பார்த்த இடத்தில் அந்தப் புள்ளி இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் பதறக் கூடாது என்று சிவப்பைத் தவிர்த்து நீலம் போட்டாள். மலையை மெல்லிய சாம்பல் நிறத்தில் பின்னுக்குத் தள்ளி, பாதையை முன்னுக்குக் கொண்டுவந்தாள். நல்ல வேலைதான், அவளுக்கே பிடித்திருந்தது.

பட்டியலில் முப்பத்தெட்டு பேருக்கு மட்டும் இடம் இல்லை. 'திருவண்ணாமலை' என்று ஒரே சொல்தான் இருந்தது. அப்படிப்பட்டவர்களை வரைபடத்துக்குள் விடக் கூடாது, ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு 'இடம் தெரியாதவர்கள் 38' என்று எழுத வேண்டும். இது அவள் அலுவலகத்தில் மூத்தவரான சீவகன் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பாடம். புள்ளி வைத்தால், அந்த ஆள் அங்கேதான் இருக்கிறார் என்று நாம் சொல்வதாக அர்த்தம் என்பார். ஆனால் அந்தக் கட்டம் அழகாக இல்லை. அமைப்புக்காரர்களும் எல்லோரும் வரைபடத்துக்குள் வர வேண்டும் என்று கேட்டார்கள். புதன்கிழமை அவசரத்தில் த்ரிசலா அந்த முப்பத்தெட்டு பேரையும் தாலுகா எல்லையின் நடுப்புள்ளியில் போட்டுவிட்டாள். ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்ததால், பார்வைக்கு ஒரே ஒரு புள்ளிதான் தெரிந்தது. அந்த நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று பெரிதாக்கிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு சீவகன் போன் செய்தார். அம்மாவைத் தொலைத்த ஒருத்தர் இணையத்தில் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அம்மா இந்த வீட்டில் இருக்கிறாளா என்று அழுதபடி கேட்டாராம்.

"இன்னாம்மா பண்ணி வெச்ச? பெருசாக்கிப் பாத்தா ஒரே ஒரு வீட்டு மேல போய் நிக்குது. வேங்கிக்கால்ல."

த்ரிசலா படுக்கையறையில் லேப்டாப்பைத் திறந்தாள். நிவேதாவைக் கட்டிலில் உட்காரவைத்து, ஹால் பக்கம் போகக் கூடாது என்றாள். நீலப் புள்ளியைப் பெரிதாக்கினாள். ஊர் வந்தது. தெரு வந்தது. முள் மண்டிய மனை வந்தது. மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும், பக்கத்தில் அவள் போன மாசம் காயப்போட்டு மறந்துபோன பச்சைப் பாயும் வந்தன. புள்ளி அந்தக் கூரையின் நடுவில் இருந்தது.

எட்டி ஹாலைப் பார்த்தாள். மேற்கு ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் தரையில் விழுந்திருந்தது. அதில் ஒரு நிழல் இருந்தது. அந்த நிழலைப் போட ஆள் இல்லை. அதன் தலை கலங்கலாக, தாள் நகர்ந்துபோன அச்சு மாதிரி, ஓரத்துக்கு மேல் ஓரமாகத் தெரிந்தது. மூச்சு கேட்டது. வரிசையில் நெடுநேரம் நின்று அலுத்தவர்களின் மூச்சு. ஒரே இடத்திலிருந்து, பல பேருடைய மூச்சு.

இருக்கச் சொன்ன இடத்தில் அவர்கள் வந்து நிற்கிறார்கள். அவள் சொன்ன இடத்தில்.

வேறு எங்கே நகர்த்துவது? எங்கே வைத்தாலும் அது யாரோ ஒருத்தர் வீடு. சீவகன் சொன்ன கட்டத்தைப் போட நேரம் வேண்டும், நிதானமும் வேண்டும். இரண்டுமே இல்லை. அழித்துவிடலாம். அழித்தால் அந்த அம்மாவைத் தேடும் மகனுக்கு இந்த வரைபடத்தில் அம்மாவின் பெயர்கூட மிஞ்சாது என்று நெஞ்சு குத்தியது. குத்தட்டும். தன் குழந்தைதான் முக்கியம்.

புள்ளியைக் குறிபார்த்து அழுத்தினாள். குறி தவறியது. மறுபடி. தவறியது.

ஜைன வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அம்மா கணினியில் மூழ்கிவிட்டால் நிவேதா தானே போய்த் தட்டை எடுத்துக்கொள்வாள், அது அவள் பழக்கம். கட்டில் காலியாக இருந்ததை த்ரிசலா பார்க்கவில்லை.

ஹாலிலிருந்து சின்னக் குரல் கேட்டது.

"தள்ளிக்கங்க. வழி வுடுங்க. நான் சாப்பிடணும்."

"பாப்பா, வெளிய வா!"

மூச்சுகள் நின்றன. அத்தனையும் ஒன்றாக.

புள்ளியைக் குறிபார்க்க இனி நேரமில்லை. வீட்டைச் சுற்றிப் பெரிதாக ஒரு செவ்வகம் இழுத்தாள். உள்ளே இருந்ததெல்லாம் தேர்வாகி மஞ்சளாக மாறியது. அழித்தாள். உறுதியா என்று கணினி கேட்டது. உறுதி. சேமித்தாள்.

வாசனை போய்விட்டது. சட்டென்று, விளக்கை அணைத்த மாதிரி. ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஒன்று போகும் சத்தம் கேட்டது. த்ரிசலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. திரையின் கீழே ஒரு வரி எழுந்து நின்றது.

முப்பத்தொன்பது நீக்கப்பட்டன.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

ஹாலுக்கு ஓடினாள். வெயில் சுத்தமாக விழுந்திருந்தது. நிழல் இல்லை. தரையின் நடுவில் தட்டு கவிழ்ந்து, சோறு சிதறிக் கிடந்தது. அடுப்படியில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. பேர் சொல்லிக் கத்தினாள்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர லேப்டாப்புக்கு ஓடினாள். கன்ட்ரோல், இசட். கன்ட்ரோல், இசட். கன்ட்ரோல், இசட்.

வாசனை வந்தது.

ஹாலின் நடுவில் அவர்கள் நின்றார்கள். இப்போது அவளுக்கும் தெரிந்தார்கள். முதல் பார்வைக்கு ஒரே ஆள்தான், மஞ்சள் புடவை கட்டிய ஒரு வயசான அம்மா. அவள் கன்னத்துக்குள் ஒரு மீசை இருந்தது. மீசைக்குள் இன்னொரு வாய். நெற்றி முழுக்கக் கண்கள், ஒன்றுக்குள் ஒன்று, எல்லாம் த்ரிசலாவையே பார்த்தன. இடுப்பு உயரத்தில், புடவை மடிப்புக்கும் யாருடைய வேட்டிக்கும் நடுவிலிருந்து, சோற்றுப் பருக்கை ஒட்டிய ஐந்து சின்ன விரல்கள் வெளியே நீண்டிருந்தன.

த்ரிசலா அந்தக் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. இழுத்தாள்.

முப்பத்தொன்பது பேரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன.

"அம்மா" என்றார்கள்.