கட்டங்களாகிப் போன பெயர்கள்

வெயில் ஏறுவதற்குள் தெருவுக்கு ஒருவர் அன்றைய பெயர்ப்பட்டியல் விரிதாளைச் செயலியிலிருந்து இறக்கி, மக்கள் பகலில் வெயிலுக்கு ஒதுங்கும் குளிர்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். தூத்துக்குடியில் கோடை முழுக்க விடியற்காலை வேலை அதுதான். விரிதாளில் பெயர் இருப்பவருக்கு வாயிற்கருவி கதவைத் திறக்கும். இல்லாதவர் வெளியே. நண்பகல் வெயிலில் நின்ற உடம்பு மாலைவரை தாங்காது.

பதிந்தும் கதவு திறக்கவில்லை என்று துறைமுகத் தெருக்களிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. செயலியின் பழுதுநீக்கும் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த பிலோமினா, ஒரே தெருவின் விரிதாளை இரண்டு கைக்கருவிகளில் இறக்கிப் பார்த்தாள். விலை கூடிய கருவியின் உலாவியில் எல்லாப் பெயரும் சரியாக இறங்கின. அந்தத் தெருக்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்திருந்த கருவியிலோ, திரையில் தெளிவாகத் தெரிந்த தமிழ்ப் பெயர்கள் கோப்பாக இறங்கியதும் வெற்றுக் கட்டங்களாகிவிட்டன. ஆங்கிலத்தில் பதிந்தவர்கள் மட்டும் தப்பினார்கள். கோப்பு எந்த எழுத்துமுறையில் இருக்கிறது என்று சொல்லும் சிறு குறியை அந்தப் பழைய உலாவி விழுங்கிவிடுகிறது. கோப்பை உலாவியில் உருவாக்காமல் சேவையகத்திலேயே உருவாக்கினால் தீர்ந்தது.

மதியத்துக்குள் திருத்தி முடித்து, மேலாளர் வேலாயுதத்திடம் காட்டினாள்.

"இதை வெளியிட வேண்டாம்மா."

"ஏன் சார்?"

"எல்லாரையும் விட்டா கூடம் கொள்ளாது."

"அப்போ இந்தப் பழுது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கூடம் திறந்த முதல் கோடையிலயே தெரியும். நாங்க யாரும் செய்யல. தானா வந்துச்சு, அப்படியே விட்டுட்டோம். யாரோ சில பேரு வெளிய நின்னுதானே ஆகணும்?"

"யார் அந்தச் சில பேருன்னு நீங்க வாசல்ல நின்னு, மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க சார். இனிமே உலாவி சொல்லாது."

அவர் எழுவதற்குள் வெளியீட்டுப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

மறுநாள் வாயிற்கருவி ஒருவரையும் மறுக்கவில்லை. கூடம் நிரம்பி வழிந்தபோது, மீதிப்பேரைத் திருப்பி அனுப்பும் வேலை வேலாயுதத்தின் தலையில் விழுந்தது. பிலோமினா அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள். வரிசையின் முன்னால், இடுப்பில் பிள்ளையோடு லூர்தம்மாள் என்ற துறைமுகத் தெருப் பெண் நின்றிருந்தாள்.

"சொல்லுங்க சார். நானும் பிள்ளையும் வெயில்லயே நிக்கவா?"

வேலாயுதம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, பக்கவாட்டில் இருந்த கதவைத் திறந்தார். உள்ளே அதிகாரிகளுக்கென ஒதுக்கிய பகுதி. ஆளில்லாத அறைகள் வரிசையாகக் குளிர்ந்து கிடந்தன. வரிசை முழுவதும் உள்ளே போன பிறகும் இடம் மிச்சமிருந்தது.

லூர்தம்மாள் சில்லென்றிருந்த சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தக் கதவு எப்போ வச்சது சார்?"

"கூடம் கட்டும்போதே."

"போன கோடையில எம் புருஷன் அந்த வாசல்லதான் விழுந்தாரு," என்றாள். குரல் உயரவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டு, வேலாயுதத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வேலாயுதம் சாவியைப் பிலோமினாவிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"நீங்களே வச்சுக்கங்க. தினமும் நீங்களே வந்து திறங்க."